சமையல்தான் காரணம் என்றார்கள்: ஈரம் உறிஞ்சும் எந்திரத்தோடு ஒரு குளிர்காலம்

முகூர்த்தப் புடவையை எடுத்துப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. அரக்கு நிறப் பட்டு. அலமாரியின் அடித்தட்டில் உறை போட்டு வைத்திருந்தேன். மடிப்பைப் பிரித்தால் ஜரிகையை ஒட்டிப் பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளிகள். பக்கத்தில் இருந்த தோல் பையின் மேல் மாவு தூவியது போல ஒரு படலம். நானும் கணவரும் சேர்ந்து அலமாரியை நகர்த்தினோம். பின்னால் இருந்த வெளிச்சுவரில் முழங்கால் உயரத்திலிருந்து தோள் உயரம் வரை, அடுப்புக்கரியை அள்ளிப் பூசியது போல ஒரே கறுப்பு. அதற்கு நாலடி தள்ளித்தான் எங்கள் பையன் படுக்கிறான். நாலு வயது. அக்டோபரிலிருந்து அவனுக்கு ராத்திரி இருமல்.

கும்பகோணத்துக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "வெயில்ல போடுடி, அரை நாள்ல போயிடும்" என்றாள். நவம்பர் மாதத்து லண்டனில் வெயிலுக்கு நான் எங்கே போவது? நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

நாங்கள் இருப்பது ஹாரோ பக்கம், தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு. மாடியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். எங்கள் ஊரில் சுவரில் ஓதம் என்போம். அவர் ஈரலிப்பு என்பார். எங்களுக்குப் பூசணம், அவருக்குப் பூஞ்சணம். பெயர் எதுவானாலும் இரண்டு வீட்டுக் குளியலறையிலும் அதே கறுப்புதான். இந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஓட்டிய ஈரம் உறிஞ்சும் எந்திரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆங்கிலத்தில் டிஹியுமிடிஃபயர் என்பார்கள். அது செய்த நல்லதில் பாதி நான் எதிர்பார்த்தே இராதது என்பதால் கதை கொஞ்சம் நீளும்.

முதலில் காசை எங்கெல்லாம் வீணடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பவுண்டு கடையில் கிடைக்கும் வெள்ளை டப்பா. உள்ளே கால்சியம் குளோரைடு உப்பு. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகச் சேர்க்கும். மூடிய அலமாரிக்கு, ஷூ பெட்டிக்குப் பரவாயில்லை. அறைக்கு வைத்தால் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். அடுத்து, இணையத்தில் படத்தைப் பார்த்து மயங்கி 35 பவுண்டுக்கு வாங்கிய சின்ன எந்திரம். நீல விளக்கெல்லாம் எரியும், சத்தமே வராது. நாலு நாளில் ஒரு காபி டம்ளர் தண்ணீர் சேர்ந்தது. பிறகுதான் புரிந்தது: அதில் கம்ப்ரசரே கிடையாது. பெல்டியர் என்று ஒரு சின்னத் தகடுதான் குளிர்ச்சி தருகிறது. அதன் அளவுக்கு அது உழைக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஓர் அறைக்கு அது காணாது.

மூன்றாவது, பூசணம் போக்கும் ஸ்ப்ரே. ப்ளீச் வாசனை மூக்கைத் துளைக்கும். அடித்த பத்தாவது நிமிடம் சுவர் வெளுத்துவிட்டது, எனக்கோ பெருமை தாங்கவில்லை. மூன்று வாரத்தில் அதே இடத்தில் அதே கறுப்பு. ப்ளீச் நிறத்தை எடுத்துவிடும். பூச்சுக்குள் இறங்கி நிற்கும் ஈரத்தை அது என்ன செய்ய முடியும்? ஈரம் இருக்கும்வரை பூசணம் வந்துகொண்டேதான் இருக்கும். தவிர, அந்த நெடியில் பையன் இன்னும் அதிகமாக இருமினான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சீக்கிரம் போகட்டும் என்று ப்ளீச்சோடு வினிகரையோ, ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தையோ சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். என் தோழி ஒருத்தி வினிகர் பாட்டிலைக் கையில் எடுத்தே விட்டாள், நல்ல நேரம் நான் அங்கே இருந்தேன்.

நாலாவதாக வாங்கியதுதான் முதலில் வாங்கியிருக்க வேண்டியது. எட்டுப் பவுண்டு விலையில், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் உள்ளங்கை அளவு மீட்டர். படுக்கையறையில் வைத்த முதல் இரவு 78 சதவீதம் காட்டியது, வெப்பம் 17 டிகிரி. வீட்டுக்குள் 60க்குக் கீழே இருக்க வேண்டும், 40க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் இன்னும் நல்லது. நாங்கள் கிட்டத்தட்டக் குளத்தங்கரையில் படுத்துக்கொண்டிருந்தோம். அறை நடுவில் 78 என்றால் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் குளிர்ந்த சுவரில் இன்னும் அதிகம். குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். 10 டிகிரியில் 9 கிராம்தான். மீதி எங்கே போகும்? சுவரிலும் ஜன்னல் கண்ணாடியிலும் வேர்க்கும்.

இனி எந்திரம். 12 லிட்டர் வகை, கம்ப்ரசர் வைத்தது, 165 பவுண்டு. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இந்த அளவில் நாலைந்து கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே சரக்கைத்தான் விற்கின்றன. நமது வீட்டு ஃப்ரிட்ஜ் வேலை செய்யும் அதே முறைதான். மின்விசிறி காற்றை உள்ளே இழுக்கும், குளிர்ந்த குழாய்களில் பட்டு ஈரம் சொட்டாகித் தொட்டியில் விழும், காய்ந்த காற்று லேசான சூட்டோடு வெளியே வரும்.

முதல் இரவு ஒன்பது மணிக்குப் போட்டேன். காலையில் தொட்டியைத் தூக்கினால் கை கனத்தது. இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கணவர் சிங்க்கில் கவிழ்த்துவிட்டு, "இதெல்லாம் நம்ம அறையிலயா இருந்துச்சு?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். கணக்குப் போட்டால், எங்கள் படுக்கையறை அளவுக்கு ஒரே நேரத்தில் காற்று தாங்கும் தண்ணீர் மொத்தமே அரை லிட்டர்தான். அப்படியானால் மீதி ஒன்றரை லிட்டர் மெத்தையிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் சுவரிலிருந்தும், நாங்கள் மூன்று பேர் விட்ட மூச்சிலிருந்தும் வந்தது. முதல் வாரம் தினமும் அப்படியே கொட்டியது. அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்து ஒரு லிட்டரில் நின்றது. மீட்டர் 55க்கு இறங்கியது. காலையில் ஜன்னல் கண்ணாடியைத் துண்டால் துடைக்கும் வேலை போயிற்று.

பெட்டியில் 12 லிட்டர் என்று போட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அது 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாளுக்குக் கிடைக்கும் அளவு. அது நம்ம ஊர் ஐப்பசி மாதம். இங்கே 18 டிகிரி வீட்டில் நாள் முழுக்க ஓட்டியும் நான் பார்த்த அதிகபட்சம் மூன்றரை லிட்டர். சூடே போடாத கராஜ், கன்சர்வேட்டரி என்னும் கண்ணாடி அறை மாதிரி இடத்துக்கென்றால் கம்ப்ரசர் வகை சுணங்கும். அதற்கு டெசிக்கன்ட் என்று, ஈரம் உறிஞ்சும் பொருளை உள்ளே வைத்த வேறு வகை இருக்கிறது. குளிரிலும் உறிஞ்சும், அறையையும் சூடாக்கும், ஆனால் மின்சாரம் கூடுதல்.

மின்சாரம் என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். நானும் பயந்தேன். ப்ளக்கில் மாட்டும் அளவி ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். ஓடும்போது 160 வாட் அளவுக்கு இழுக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒன்றேகால் யூனிட், எங்கள் கட்டணத்தில் 35 பென்ஸுக்குள். ஒரு சமோசா விலைகூட இல்லை.

இதன் உண்மையான அருமை துணி காயப்போடும்போதுதான் தெரிகிறது. இங்கே குளிர்காலத்தில் கொடி கட்ட முடியாது, வீட்டுக்குள் கம்பி ஸ்டாண்டில்தான். ஒரு முறை துவைத்த துணியிலிருந்து மட்டும் இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் அறைக்குள் ஆவியாகும். முன்பு இரண்டு நாளாகியும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டி காயாது, ஒரு புளித்த வாடை வேறு. இப்போது சின்ன அறையில் ஸ்டாண்டை விரித்து, எந்திரத்தைப் பக்கத்தில் வைத்து, கதவையும் ஜன்னலையும் மூடிவிடுகிறேன். இரவு போட்டால் காலையில் பள்ளிச் சட்டை மொறுமொறு. ஜன்னலை மூடுவது முக்கியம். திறந்து வைத்தால் எந்திரம் ஊர் ஈரத்தையெல்லாம் உறிஞ்சப் பார்க்கும்.

குறைகளும் உண்டு. சத்தம் என்று அட்டையில் எழுதியிருப்பது குறைந்த வேகத்துக்கு. முழு வேகத்தில் பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி உறுமும். மெல்லிய தூக்கக்காரர்கள் படுக்கப் போகும் முன்பே ஓட்டி முடித்துவிடுவது நல்லது. தொட்டி நிறைந்தால் பீப் பீப் என்று ஊரைக் கூட்டும், அதுவும் சரியாக மூன்று மணிக்கு. கைப்பிடி சின்னது; நிறைந்த தொட்டியைக் குளியலறை வரை சிந்தாமல் கொண்டுபோக நிறைகுடம் சுமந்து பழகியிருக்க வேண்டும். சக்கரம் கம்பளத்தில் உருளாது. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தூசி தட்டாவிட்டால் உறிஞ்சுவது குறைகிறது. அப்புறம், ஆசை தாங்காமல் ஒரு முறை 40க்கும் கீழே இறக்கிவிட்டேன். மூக்கு காய்ந்து எல்லோருக்கும் தொண்டை கரகரத்தது. இப்போது 50ல் வைத்துவிட்டு மறந்துவிடுகிறேன்.

இதுவரை சொன்னது எந்த மதிப்புரையிலும் கிடைக்கும். நான் எதிர்பாராதது இனிமேல்தான்.

கறுப்புச் சுவரைப் படம் எடுத்து வீட்டு ஏஜென்சிக்கு அனுப்பியிருந்தேன். பத்து நாள் கழித்து ஓர் இளைஞர் வந்தார். சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய் அடுப்பிலிருந்த இட்லிப் பானையைப் பார்த்தார். ரைஸ் குக்கரைப் பார்த்தார். துணி ஸ்டாண்டைப் பார்த்தார். "உங்கள் வாழ்க்கை முறைதான் காரணம். நிறைய ஆவி வைத்துச் சமைக்கிறீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் அதையே மின்னஞ்சலாகவும் அனுப்பினார்கள். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. ஆனால் மனசுக்குள் ஒரு சந்தேகமும் இருந்தது: ஒருவேளை நம் இட்லிதானோ? இரண்டு நாள் இட்லி ஊற்றவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

மாடி அக்காதான் முதலில் பிடித்தார். ஒரு நாள் கீழே வந்தவர் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "இது வேர்வை இல்லைப் பிள்ளை, ஒழுக்கு. வேர்வை எண்டால் மூலையிலையும் கண்ணாடியிலையும்தான் வரும். இது நடுச்சுவர். பீலியிலை இருந்து இறங்கிற குழாயை ஒருக்கால் வெளியிலை போய்ப் பாரும்" என்றார். போய்ப் பார்த்தேன். கூரைத் தண்ணீரைக் கீழே கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாய் சரியாக எங்கள் சுவருக்கு நேரே இணைப்பில் விலகி, செங்கல்லில் பச்சைப் பாசி கோடாக இறங்கியிருந்தது.

அதைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில், "ஆவிதான் முதன்மைக் காரணம்." சரி, அப்படியே வைத்துக்கொள்வோம் என்று எந்திரத்தை அந்த அறையிலேயே விட்டேன். பதினாறு நாள், தினம் காலை மாலை மீட்டரைப் படம் எடுத்து, தொட்டியில் எவ்வளவு தண்ணீர், வெளியே மழையா இல்லையா என்று பையனின் பழைய கோடு போட்ட நோட்டில் எழுதினேன். அறை முழுக்க 52, 54 என்று நின்றது. கண்ணாடி காய்ந்து கிடந்தது. குளியலறைப் பக்கத்து மூலையில் துடைத்த பூசணம் திரும்ப வரவில்லை. ஆனால் மழை பெய்த மறுநாளெல்லாம் அந்த நடுச்சுவர் மட்டும் கை வைத்தால் நனைந்தது. காற்றில் ஈரமே இல்லாத அறையில் சுவர் எப்படி நனையும்? என் இட்லிப் பானைக்குச் சாதகமாக இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இப்படி அடம்பிடிக்க எனக்குத் தெம்பு தந்தது இந்த நாட்டில் நடந்த ஒரு சாவு. ராச்டேல் ஊரில் அவாப் இஷாக் என்ற குழந்தை, இரண்டு வயது முடிந்து எட்டே நாள், 2020 டிசம்பரில் இறந்தான். அவன் அப்பா 2017லேயே வீட்டில் பூசணம் என்று புகார் சொன்னவர். வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுப் பூசணத்தில் நெடுநாள் இருந்ததால் வந்த கடும் மூச்சுக்கோளாறே சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தைய வருடம்தான் இங்கிலாந்தின் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் ஓர் அறிக்கை போட்டிருந்தார். அதன் தலைப்பிலேயே "இது வாழ்க்கை முறை அல்ல" என்று இருந்தது. குடியிருப்பவர் தலையில் பழியைப் போடாதீர்கள் என்று 2023ல் அரசாங்கத்தின் வழிகாட்டியும் சொல்லிவிட்டது. அதையெல்லாம் படித்துவிட்டு இன்னும் ஒருவர் வந்து என் ரைஸ் குக்கரைப் பார்க்கிறார் என்றால் எப்படி இருக்கும்?

அந்தக் குழந்தையின் பெயரிலேயே வந்த அவாப் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடப்பில் இருக்கிறது. ஆபத்தான அளவில் ஓதமோ பூசணமோ இருக்கிறது என்று சொன்னால் பத்து வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், ஆபத்து உறுதியானால் ஐந்து வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும், அவசரம் என்றால் 24 மணி நேரம். இது கவுன்சில் வீடு, வீட்டுவசதிச் சங்க வீடு மாதிரியான சமூக வீடுகளுக்கு. எங்களைப் போலத் தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அதை நீட்டிக்க 2025ன் வாடகைதாரர் உரிமைச் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். நான் மல்லுக்கட்டியபோது அது எங்கள் வாசலுக்கு வந்து சேரவில்லை. ஆனால் வீடு மனிதர் குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும். கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவும் இருக்கிறது. மூன்றாவது மின்னஞ்சலில் இந்த இரண்டையும் குறிப்பிட்டு, நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து இணைத்தேன். ஒன்பதாம் நாள் ஏணியோடு ஓர் ஆள் வந்தார். குழாயை மாற்ற அவருக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. குளியலறையில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த காற்று வெளியேற்றும் விசிறியையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏஜென்சியிலிருந்து மன்னிப்பு ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் சுவரைச் சுத்தம் செய்தேன். ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நாமே செய்யலாம், அதற்கு மேல் என்றால் ஆளைக் கூப்பிடுவது நல்லது. எனக்குக் கொஞ்சம் எல்லையில்தான் வந்தது. பையனை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஜன்னலைத் திறந்து, அறைக் கதவைச் சாத்தி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துத் துணியை அப்படியே பையில் கட்டி எறிந்தேன். காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தேய்க்காதீர்கள், தூள் பறந்து வீடு முழுக்கப் பரவும். உடனே பெயிண்ட் அடிக்கவும் இல்லை. ஊறிய செங்கல் காய மாதக்கணக்கு ஆகும் என்றார் ஏணிக்காரர். போன வாரம் வரை எந்திரம் அங்கேதான் உறுமிக்கொண்டிருந்தது. அலமாரி இப்போது உள்சுவர் பக்கம், ஒரு சாண் இடைவெளி விட்டு.

பையனுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் நீல இன்ஹேலரை ஜனவரியில் வாரத்துக்கு நாலு தடவை கொடுத்தேன், இந்த மாதம் ஒரே தடவை. எந்திரம்தான் குணப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். குழாயும் சரியானது, குளிரும் குறைந்தது. ஓதமும் பூசணமும் உள்ள வீட்டில் மூச்சிரைப்பும் ஆஸ்துமாவும் கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே எழுதி வைத்திருக்கிறது. இவ்வளவு வரை பூசணம் இருக்கலாம் என்று அவர்கள் ஓர் எண்ணைக்கூடத் தரவில்லை, ஈரத்தையே ஒழியுங்கள் என்றார்கள். எனக்கு அது போதும்.

வாங்கலாமா என்று கேட்டால்: வீட்டுக்குள் துணி உலர்த்துகிறவர்கள், கண்ணாடி தினம் வேர்க்கும் வீட்டில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன். ஒன்றை அந்த மூன்று மணி பீப்புக்காகக் குறைத்துக்கொண்டேன். ஆனால் எட்டுப் பவுண்டு மீட்டரை முதலில் வாங்குங்கள், மழைக்கு மறுநாள் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஒழுகல் இருந்தால் எந்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் செலவை நீங்கள் கரண்ட் பில்லில் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

புடவையை உலர்சலவைக்குக் கொடுத்து வாங்கினேன். புள்ளிகள் போய்விட்டன, ஜரிகை ஓரத்தில் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியும் ஒரு மங்கல் இருக்கிறது. எந்திரம் இந்த வாரம் மாடியில். அக்கா குளியலறைக்குப் பூச்சு வேலை பார்த்திருக்கிறார், காய வேண்டுமாம். நேற்று இரவு மூன்று மணிக்குக் கூரை வழியாகப் பீப் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதற்குள் திரும்பி வாங்கிவிட வேண்டும்.